மேடைக்கு மேடை மாறாத கிற்றார் டோன்: மொடலிங் பெடல் புதிதாக வாங்கியவர்களுக்கு

வீட்டில் ஹெட்போன் போட்டு இரவிரவாகச் செய்த டோன், மறுவாரம் கோயில் மேடையில் ஏறியதும் தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போலக் கேட்கும். அதே பெடல், அதே பிரிசெற் (பெடலில் சேமித்து வைத்த டோன் அமைப்பு), அதே கை. பெடல் பழுதாகிவிட்டதோ என்று சந்தேகம் வரும். பிறகு யூடியூபில் புதுப் பிரிசெற் தேடுவோம், அதுவும் சரிவராது. கடைசியில் பெடலை விற்க விளம்பரம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் இதில் கனகாலம் மினக்கெட்டவன்தான். நீங்களும் அப்படி மினக்கெடக் கூடாது என்பதற்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். மொடலிங் பெடல் என்பது கிற்றார் அம்ப் (அம்பிளிஃபயர்), ஸ்பீக்கர், எஃபெக்ற்றுகளின் சத்தத்தைக் கணக்குப் போட்டுப் போலச் செய்கிற டிஜிற்றல் கருவி. உள்ளே போகும் சிக்னல் ஒன்றாக இருந்தால் வெளியே வருவதும் ஒன்றாகவே இருக்கும். மாறுவதெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ளவை: கிற்றார் கம்பி, கரண்ட், கேபிள், ஸ்பீக்கர், நாங்கள் கேட்கிற சத்தத்தின் அளவு. வன்னியில் இது கூடுதலாக உறைக்கும். இந்த வாரம் கிளிநொச்சியில் ஒரு மண்டபம், அடுத்த வாரம் புதுக்குடியிருப்பில் கோயில் வெளிவீதி, அப்புறம் மாங்குளத்தில் பாடசாலை மைதானம் என்று போகும். ஒவ்வொன்றிலும் வேறு சவுண்ட் செற், வேறு ஆள். சத்தமாக வைத்துப் பார்க்க வாடகைக்கு ஒத்திகை அறை எடுப்பதும் லேசான காரியம் இல்லை.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். பலரும் ஆறாவது படியில் தொடங்குகிறார்கள். அதனால்தான் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்கிறார்கள்.

1. பெடலோடு வரவேண்டிய சாமானும் கடதாசியும்

வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தியோ கொண்டுவருவதாக இருந்தால், பெட்டியைக் கட்டுவதற்கு முன் அடப்டரின் முதுகைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் 100–240 வோல்ற் என்று அச்சிட்டிருந்தால் பிரச்சினை இல்லை. கனடாவில் விற்கும் சில அடப்டர்களில் 120 வோல்ற் மட்டும் இருக்கும். அதை எங்கள் 230 வோல்ற்றில் செருகினால் அடப்டர் போய்விடும், சிலவேளை பெடலையும் கூட்டிக்கொண்டு போகும். லண்டனில் இருந்து வருவது அப்படியே பொருந்தும், சதுர மூன்று முள் பிளக் இங்கேயும் உண்டு. ஆனால் பழைய மண்டபங்களில் இன்னும் வட்ட முள் சொக்கற்தான், ஆகவே பையில் ஒரு மாற்றி இருக்கட்டும்.

தபாலில் வருவதென்றால் பார்சல் வந்த அறிவித்தல் துண்டு, தேசிய அடையாள அட்டை, வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதி ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் பொருளின் மதிப்பைப் பற்றிய வாக்குவாதத்திலேயே அரை நாள் போகும். இன்னொரு பொறி: பெடலோடு சேர்த்து வயர்லெஸ் கிற்றார் கருவியையும் அதே பார்சலில் போடச் சொல்லாதீர்கள். ரேடியோ அலை அனுப்பும் சாமான்களுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி கேட்கக்கூடும். கேட்டால், அந்தச் சின்னக் கருவிக்காக முழுப் பார்சலும் தேங்கி நிற்கும்.

இங்கே பழையது வாங்கினால், காசு கொடுப்பதற்கு முன் கால் சுவிச் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை மிதித்துப் பாருங்கள். ஜாக்கைச் செருகி லேசாக ஆட்டினால் கரகரப்புக் கேட்கக் கூடாது. பிறகு ஃபக்டரி ரீசெற் செய்து வாங்குங்கள். முந்தைய ஆள் குளோபல் ஈ.கியூ.வில் (பேஸ், ட்ரெபிளைப் பொதுவாகத் திருத்தும் இடம்) எதையாவது திருகி விட்டிருந்தால், அது எல்லாப் பிரிசெற்றையும் பாதிக்கும், உங்களுக்குத் தெரியவும் வராது.

பற்றுச்சீட்டையும் பெடலின் அடியில் உள்ள தொடர் இலக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். கையேட்டைத் தொலைபேசியில் இறக்கி வையுங்கள், மேடைக்கடியில் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கையேடு முழுவதையும் படிக்கச் சொல்லவில்லை. மின்சாரத் தேவை, அவுட்புட் அமைப்பு, குளோபல் அமைப்பு என்ற மூன்று பகுதிகளை மட்டும் படியுங்கள்.

செலவைப் பற்றி என் கணக்கு: பெடல் வாங்க வைத்திருக்கும் காசில் பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி நல்ல கேபிள் இரண்டு, ஒரு டி.ஐ. பொக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி), ஒரு செற் கம்பி வாங்குங்கள். அதற்குப் போதாவிட்டால் ஒரு படி குறைந்த பெடலை எடுங்கள். விலை கூடிய பெடலையும் தரமற்ற கேபிளையும் ஒன்றாக வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

2. கரண்ட்

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ற் டி.சி., நடுமுனை நெகற்றிவ். வீட்டில் இருக்கும் வைஃபை ரவுட்டரின் அடப்டர் முனை பெடலுக்குள் அழகாகப் போகும். போகிறதே என்று செருகிவிடாதீர்கள். ரவுட்டர் அடப்டர் பெரும்பாலும் நடுமுனை பொசிற்றிவ், வோல்ற்றும் 12 ஆக இருக்கலாம். அடப்டரின் முதுகில் ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் வரைந்திருக்கும். புள்ளியில் இருந்து போகும் கோடு கழித்தல் குறியில் முடிய வேண்டும்.

அடுத்தது அம்பியர். சின்னப் பெடலுக்கு 500 மில்லி அம்பியர் போதலாம். லைன் 6 நிறுவனத்தின் ஹெச்.எக்ஸ். ஸ்டொம்ப் போன்றதற்கு 3 அம்பியர் வேண்டும். அடப்டரின் அம்பியர் கூடினால் பாதகம் இல்லை, குறைந்தால்தான் பிரச்சினை. குறைந்த அடப்டரில் பெடல் ஏறும், திரையும் எரியும், ஆனால் இரைச்சல் வரும், இடையில் தானாக மறுபடி தொடங்கும்.

திருவிழா மேடையில் ஜெனரேற்றரில் ஓடும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. கரண்ட் மாறும் அந்த ஒரு வினாடியில் பெடல் அணைந்து, திரும்ப ஏறுவதற்குள் பாட்டின் பல்லவி முடிந்துவிடும். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஸூம் ஜி1 ஃபோர், பொஸ் ஜி.டி.-1 போன்றவை நான்கு ஏ.ஏ. பற்றரியில் ஓடும். முக்கியமான மேடைக்குப் புதுப் பற்றரி போட்டு அடப்டரைக் கழற்றிவிட்டால் ஜெனரேற்றர் இரைச்சலும் இல்லை, பூமி இணைப்புச் சிக்கலும் இல்லை. யூ.எஸ்.பி. மின்சாரம் எடுக்கும் பெடலாக இருந்தால் பவர் பாங்க் போதும். ஆனால் சில பவர் பாங்குகள் குறைந்த மின்சாரம் இழுத்தால் தொலைபேசி நிறைந்துவிட்டது என்று நினைத்துத் தானாக நின்றுவிடும். வீட்டில் ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

ஹம் சத்தம் (விடாமல் 'ம்ம்' என்று வரும் இரைச்சல்) வந்தால் உடனே நொய்ஸ் கேற்றைக் கூட்டாதீர்கள். அது மீட்டாத நேரத்தில் மறைக்கும், மீட்டும்போது ஹம் அங்கேயேதான் இருக்கும். முதலில் கிற்றாரின் வொலியூமை முழுதாக மூடுங்கள். சத்தம் நின்றால் அது பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பகுதி) இருந்து வருகிறது. மேடையின் எல்.ஈ.டி. மாலைகளில் இருந்து தள்ளி, உடம்பைக் கால் வட்டம் திருப்பி நில்லுங்கள், குறையும். நிற்காவிட்டால் அடப்டர் அல்லது பூமி இணைப்பு. அதற்கான மருந்து 5ஆம் படியில் உள்ள டி.ஐ. பொக்ஸ்.

3. கிற்றாரும் கையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். முல்லைத்தீவுக் கரைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை, உப்புக்காற்றில் கம்பி கறுக்கும். கறுத்த கம்பியில் உயர் அதிர்வுகள் போய்விடும். அதை ஈடுகட்ட ட்ரெபிளைக் கூட்டுவீர்கள். பிறகு புதுக்கம்பி போட்ட அன்று அதே பிரிசெற் காதைக் கிழிக்கும். ஆகவே எப்போதும் ஒரே கம்பனியின் ஒரே தடிப்புக் கம்பியையே போடுங்கள், மீட்டி முடிந்ததும் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள், நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு மாற்றுங்கள். அன்று காலை மாற்றினால் இழுபட்டு இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

பிக்கும் ஒன்றாக இருக்கட்டும். 0.46 மில்லிமீற்றர் பிக்கில் செய்த டோனை 1 மில்லிமீற்றர் பிக்கில் மீட்டினால் அது வேறு டோன். கிற்றாரின் வொலியூம், டோன் குமிழ்களை முழுதாகத் திறந்து வைத்துத்தான் பிரிசெற் செய்ய வேண்டும். குறைப்பதைப் பாட்டின் நடுவில் செய்யலாம்.

4. உள்ளே போகும் அளவு

கிற்றாரை நேரே பெடலின் இன்புட்டில் செருகுங்கள். இடையில் வேறு பொருள் எதுவும் வேண்டாம். கேபிள் 6 மீற்றருக்கு மேல் போக வேண்டாம், நீளம் கூடக் கூட ட்ரெபிள் கரையும். வீட்டில் 3 மீற்றர் கேபிளில் டோன் செய்து மேடையில் 10 மீற்றர் கேபிள் போட்டால் மங்கலாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டிலும் மேடையிலும் ஒரே கேபிளைப் பாவியுங்கள்.

எல்லா எஃபெக்ற்றையும் அணைத்துவிட்டு, ஆறு கம்பியையும் உங்களால் முடிந்த அளவு பலமாக அடியுங்கள். இன்புட் விளக்கு சிவப்பானால் இன்புட் அளவைக் குறையுங்கள். சில பெடல்களில் இதற்கென்று பாட் என்ற தெரிவு இருக்கும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), பற்றரி போட்ட அக்ரிவ் பிக்கப் உள்ளவர்களுக்கு இது தேவைப்படும். இரண்டு கிற்றார் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் தனித்தனி அளவை எழுதி வையுங்கள். இன்புட் அளவு மாறினால் ட்ரைவ் (சத்தம் உடைந்து கரகரக்கும் அளவு) முழுவதும் மாறும், ஏனென்றால் மொடல் செய்யப்பட்ட அம்பும் உண்மையான அம்பைப் போல உள்ளே வரும் அளவைப் பொறுத்தே உடையும்.

5. வெளியே எங்கே செருகுகிறீர்கள்

டோன் மாறுவதற்கு முதல் காரணம் இதுதான். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மொடலிங் பெடலுக்குள் இரண்டு பகுதி இருக்கிறது: ஒன்று அம்ப், மற்றது கபினெற். கபினெற் பகுதி என்பது கிற்றார் ஸ்பீக்கரும் அதன் முன் வைத்த மைக்கும் தரும் நிறம். ஐ.ஆர். என்று ஒரு கோப்பாக ஏற்றுவதும் இதே வேலைக்குத்தான். கிற்றார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும். மேடை ஸ்பீக்கர் அதற்கு மேலும் நிறையக் கொடுக்கும். ஆகவே:

மிக்சருக்கு, சவுண்ட் செற்றுக்கு, கீபோர்ட் அம்புக்கு, ஹெட்போனுக்குப் போனால் கபினெற் இயங்க வேண்டும்.

கிற்றார் அம்பின் பின்பக்கம் உள்ள ரிற்றேர்ன் ஓட்டைக்குப் போனால் கபினெற்றை அணைக்க வேண்டும்.

கிற்றார் அம்பின் முன்பக்க இன்புட்டுக்குப் போனால் கபினெற்றையும் அணைத்து, அம்ப் மொடலையும் அணைத்து, எஃபெக்ற்றுகளை மட்டும் அனுப்புவது நல்லது. இரண்டு அம்பும் இரண்டு கபினெற்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கேட்பது சேறு.

சில பெடல்களில் இதற்கு ஒரு குளோபல் தெரிவு இருக்கும். மேடைக்கும் வீட்டுக்கும் இடையில் மாற்றும்போது அதை மட்டும் மாற்றினால் போதும், பிரிசெற்றைத் தொட வேண்டாம். அவுட்புட் லைன் (பலமான சிக்னல்) அளவா, கிற்றார் (மெல்லிய சிக்னல்) அளவா என்ற தெரிவும் அங்கேதான் இருக்கும். மிக்சரின் லைன் ஓட்டைக்கு லைன், டி.ஐ. பொக்ஸுக்கும் அம்ப் முகப்புக்கும் கிற்றார் அளவு.

இனி எங்கள் பக்கத்துப் பொறிகள்.

இப்போது பல வீடுகளில் சில்லு வைத்த புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. அதில் கிற்றார் படம் போட்ட ஓட்டையோ மைக் ஓட்டையோ இருக்கும். மைக் ஓட்டை மிகக் குறைந்த சிக்னலுக்காகச் செய்தது. பெடலை நேரே செருகினால் உடைந்துதான் கேட்கும், அதைப் பெடலின் ட்ரைவ் என்று நினைத்துவிடுவீர்கள். பெடல் அவுட்புட்டைக் கால்வாசிக்குக் குறையுங்கள், ஸ்பீக்கரின் பேஸ் பூஸ்ட் பொத்தானையும் எக்கோவையும் அணையுங்கள். புளூடூத் வழியாகக் கிற்றாரை அனுப்பலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது, மீட்டியது பிந்தித்தான் கேட்கும்.

மேடையில் ஒரு பக்க வெளியீடு மட்டும் எடுப்பார்கள். பெடலின் இடது ஓட்டையில்தான் செருக வேண்டும். மொனோ என்று அதன் கீழே எழுதியிருக்கும். வலது ஓட்டையில் மட்டும் செருகினால் பல பெடல்களில் ஸ்ரீரியோ எஃபெக்ற்றின் பாதிதான் வரும். வீட்டில் இரண்டு காதிலும் பறந்து திரிந்த டிலே (பிந்தித் திரும்பக் கேட்கும் எதிரொலி) மேடையில் காணாமல் போவதும் இதனால்தான். பிரிசெற்றுகளை மொனோவில் கேட்டே செய்யுங்கள்.

மேடையில் இருந்து மிக்சர் வரை இருபது முப்பது மீற்றர் கிற்றார் கேபிளில் போகக் கூடாது. டி.ஐ. பொக்ஸ் வைத்து, அங்கிருந்து மைக் கேபிளில் போக வேண்டும். பொக்ஸில் கிரவுண்ட் லிஃப்ற் என்று ஒரு சுவிச் இருக்கும். ஹம் வந்தால் அதைத் தட்டிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். சிலரிடம் டி.ஐ. பொக்ஸ் இருக்காது, மைக் கேபிளின் ஒரு முனையை வெட்டி ஜாக் பிடித்த கேபிள் ஒன்றை நீட்டுவார்கள். மிக்சரில் 48 வோல்ற் பான்டம் பவர் (கொண்டென்சர் மைக்குக்காக மிக்சர் அனுப்பும் மின்சாரம்) போட்டிருந்தால் அது அந்தக் கேபிள் வழியாக உங்கள் பெடலின் அவுட்புட்டுக்கு ஏறும். பழைய மிக்சர்களில் எல்லாச் சனலுக்கும் ஒரே பான்டம் பொத்தான், யாராவது கொண்டென்சர் மைக் பாவித்தால் உங்களுக்கும் வரும். சொந்தமாக ஒரு டி.ஐ. பொக்ஸ் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

6. ஒரே ஒரு அடிப்படை டோன்

பெடலில் நூறு, இருநூறு பிரிசெற் ஏற்றித்தான் தருவார்கள். அவை கடையில் வைத்து மீட்டிப் பார்த்ததும் வாங்கத் தூண்டுவதற்காகச் செய்தவை. ட்ரைவ் கூட, ரிவேர்ப் (மண்டபத்தில் கேட்பது போன்ற முழக்கம்) கூட, பேஸ் கூட. அவற்றைத் திருத்திக்கொண்டிருப்பதை விட வெறும் பிரிசெற் ஒன்றில் தொடங்குவது வேகம்.

ஆனால் எந்த அளவு சத்தத்தில் செய்கிறீர்கள் என்பதுதான் விஷயம். சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்குப் பேஸும் மிக உயர்ந்த ட்ரெபிளும் குறைவாகவே கேட்கும். இதை ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே அளந்து வளைகோடாகப் போட்டிருக்கிறார்கள். ஆகவே இரவில் மெதுவாக வைத்துச் செய்யும்போது கை தானாகப் பேஸையும் ட்ரெபிளையும் கூட்டும், மிட்டைக் குறைக்கும். அதே பிரிசெற்றை மேடையில் சத்தமாகக் கேட்டால் கீழே குமுறும், மேலே கீறும், நடுவில் கிற்றாரே இருக்காது. ட்ரம்மும் கீபோர்டும் அந்த நடுவை எடுத்துக்கொள்ளும்.

எனவே ஹெட்போனில் செய்வது பயிற்சிக்கு மட்டும். உண்மையான டோனைப் பகல் நேரத்தில், ஸ்பீக்கரில், சுமார் 85 டெசிபலில் செய்யுங்கள். தொலைபேசியில் இலவசச் சத்தமானிச் செயலி போட்டால் ஓரளவு சரியாகக் காட்டும். பக்கத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்திக் கதைக்க வேண்டிய அளவு அது. வளவு பெரிதாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு வாய்ப்பு, கொழும்பு மாடிவீட்டில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. ஆனால் அயலில் ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வையுங்கள்.

செய்யும் ஒழுங்கு:

ஸ்பீக்கரைக் காது உயரத்துக்கு மேசையில் வைத்து, இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நில்லுங்கள். ஸ்பீக்கரில் எல்லா ஈ.கியூ.வும் நடுவில் இருக்கட்டும். ஒரு அம்ப் மொடல், ஒரு கபினெற், வேறு ஒன்றும் வேண்டாம். பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். கெயினை (ட்ரைவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) உங்களுக்குப் பிடித்த அளவுக்குக் கூட்டி, பிறகு அதில் இருந்து கொஞ்சம் இறக்குங்கள். சத்தமாகக் கேட்கும்போது ட்ரைவ் தானாகவே கூடியது போல இருக்கும், கெயின் கூடினால் கோர்ட் தெளிவில்லாமல் போகும்.

பிறகு கபினெற்றுக்குப் பின்னால் ஒரு ஈ.கியூ. போட்டுக் கீழே சுமார் 80 ஹேர்ட்ஸில் லோ கட் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டுவது), மேலே 6,000 முதல் 8,000 ஹேர்ட்ஸுக்குள் ஹை கட் (அதற்கு மேலே உள்ளதை வெட்டுவது). கிற்றாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹேர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே வெட்டுவதால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை. மேலே வெட்டுவதில்தான் பேணிச் சத்தம் போகும். வீட்டில் தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் மங்கலாகத் தோன்றும். தோன்றட்டும். தொலைபேசியில் ஒரு பாட்டை ஓட விட்டு அதனோடு சேர்ந்து மீட்டிப் பாருங்கள், அங்கே கிற்றார் தனியாகத் தெரிந்தால் சரி.

ரிவேர்ப், டிலேயைக் கடைசியாகப் போடுங்கள், நினைத்ததில் பாதி அளவு. மண்டபத்துக்குச் சொந்த எதிரொலி உண்டு, சவுண்ட்காரரும் தன் பங்குக்குக் கொஞ்சம் போடுவார்.

இதற்கு ஒரு பின்னேரம் முழுவதும் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரம் வெளியே போய் வாருங்கள். காது களைத்தால் ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போகும். முடிந்ததும் சேமித்து, மறுநாள் காலை புதுக் காதோடு ஒரு தடவை கேட்டு, தேவையானால் சின்னத் திருத்தம். அதற்குப் பிறகு ஒரு மாதம் இந்தப் பிரிசெற்றைத் தொடக் கூடாது.

7. மற்றப் பிரிசெற்றுகளும் சத்தச் சமநிலையும்

அடிப்படை டோனைப் பிரதி எடுத்து அதிலிருந்து மட்டும் மற்றவற்றைச் செய்யுங்கள்: ஒரு கிளீன் (உடையாத சத்தம்), ஒரு லேசான உடைவு, ஒரு ரிதம் ட்ரைவ், ஒரு லீட் (தனி மீட்டலுக்கு). எங்கள் மேடைகளில் நாலு போதும். பக்திப்பாடல், சினிமாப்பாட்டு, மார்கழி கரோல் எல்லாவற்றையும் இந்த நாலில் சமாளிக்கலாம்.

நாலும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். இதற்கு லூப்பர் (மீட்டியதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட விடும் பகுதி) உதவும். எஃபெக்ற் சங்கிலியின் தொடக்கத்தில், அம்புக்கு முன்னால் லூப்பரை வைக்க உங்கள் பெடல் விடுமானால், ஒரு சின்னக் கோர்ட் வரிசையைப் பதிந்து ஓட விடுங்கள். கை ஓய்வாக இருக்கும், மீட்டல் மாறாது, டோன் மட்டும் மாறும். ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டு, அம்பின் மாஸ்ரர் கெயினால் அல்ல, கடைசியில் உள்ள அவுட்புட் லெவலால் சமப்படுத்துங்கள். மீற்றரை மட்டும் நம்ப வேண்டாம். ட்ரைவ் சத்தம் நசுங்கி ஒரே மட்டத்தில் நிற்கும், கிளீன் சத்தம் துள்ளும். மீற்றரில் இரண்டும் ஒன்றாக இருந்தாலும் காதுக்கு ட்ரைவ்தான் கூடக் கேட்கும்.

லீட் பிரிசெற்றுக்கு மட்டும் 3 டெசிபல் கூட்டுங்கள், அதுவும் அம்புக்குப் பின்னால். அம்புக்கு முன்னால் பூஸ்ட் போட்டால் கூடுவது சத்தம் இல்லை, ட்ரைவ்.

பலருக்கும் தெரியாத ஒன்று: பெடலின் வெளியில் உள்ள பெரிய வொலியூம் குமிழ் பல மொடல்களில் பிரிசெற்றோடு சேமிக்கப்படுவதில்லை. பஸ்ஸில் பைக்குள் உரசி அது திரும்பியிருக்கும். வீட்டில் சமப்படுத்திய நிலையில் குமிழின் கோட்டுக்கு நேரே நகப்பூச்சால் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். அக்காவிடம் கேட்டு வாங்குங்கள், வெளிர் நிறமென்றால் மேடை இருட்டிலும் தெரியும். எக்ஸ்பிரஷன் மிதி உள்ள பெடலென்றால் மேடையில் ஏறியதும் அதை ஒரு தடவை முழுதாகக் கீழே தள்ளி, மேலே கொண்டுவந்து விடுங்கள். பாதியில் நின்றிருந்தால் பாதிச் சத்தம்தான் வரும்.

8. எழுதி வைத்தலும் பிரதி எடுத்தலும்

ஒரு சின்னக் கொப்பி போதும். ஒரு பக்கத்தில் நாலு பிரிசெற்றின் எல்லா அளவும். அடுத்த பக்கங்கள் இடங்களுக்கு: எந்த ஊர், எந்த மண்டபம், யாருடைய சவுண்ட் செற், அங்கே குளோபல் ஈ.கியூ.வில் என்ன மாற்றினீர்கள். உதாரணத்துக்கு, சில கோயில்களில் தூணில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான் பிரதானம். அதில் பேஸ் வரவே வராது, கூட்டிப் பயனில்லை. 2,500 முதல் 3,500 ஹேர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறைத்தால் கீறல் அடங்கும். இதைக் குளோபல் ஈ.கியூ.வில் மட்டும் செய்யுங்கள். பிரிசெற்றை அந்த ஸ்பீக்கருக்காகத் திருத்தினால் அடுத்த மண்டபத்தில் அழ வேண்டிவரும். வீட்டுக்கு வந்ததும் குளோபல் ஈ.கியூ.வைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள்.

யூ.எஸ்.பி. வழியாகக் கணினியில் முழுப் பிரதி எடுங்கள். கணினி இல்லாவிட்டால் தொடர்பாடல் நிலையத்தில் அரை மணி நேரம் கேட்டு எடுத்து, கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். ஃபேர்ம்வெயார் (பெடலுக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு சில பெடல்களில் பிரிசெற்றுகளை அழிக்கும், அழிக்காவிட்டாலும் அம்ப் மொடலின் குணத்தைச் சிறிது மாற்றக்கூடும். நிகழ்ச்சிக்கு முந்திய வாரத்தில் புதுப்பிக்கவே கூடாது. கரண்ட் போகக்கூடிய நேரத்திலும் வேண்டாம், புதுப்பிப்பு நடுவில் நின்றால் பெடல் எழும்பாமலே போகலாம்.

9. நிகழ்ச்சி நாள்

பெடலைத் துவாயில் சுற்றி, கிரவல் வீதிப் புழுதி போகாமல் பொலித்தீன் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு போங்கள். பஸ்ஸின் கூரையில் போட வேண்டாம். மேடையில் மத்தியான வெயிலில் திறந்து வைக்கவும் வேண்டாம், சூட்டில் திரை கறுத்துப் போகும்.

சவுண்ட்காரர் ஸ்பீக்கர் அடுக்கி முடித்து, மைக் சோதிக்கத் தொடங்குவதற்கு முன்னால் போய்ச் சேருங்கள். பாடகர்கள் வந்துவிட்டால் கிற்றாருக்கு நேரம் கிடைக்காது. அவரோடு முதலிலேயே நல்லபடியாகக் கதையுங்கள்:

"அண்ணை, கிற்றார் பெடலிலயிருந்து நேர வருது. அம்ப் இல்ல. சனல் ஈ.கியூ. எல்லாத்தையும் நடுவில விட்டு, எக்கோ போடாமல் ஒருக்காத் திறந்து பாருங்கோ. இந்தச் சனலுக்கு பான்டம் வேண்டாம்."

இதைச் சொல்லாவிட்டால் முந்தைய நிகழ்ச்சியில் பாடகருக்குப் போட்ட ட்ரெபிளும் எக்கோவும் அப்படியே உங்கள் தலையில் விழும். அவர் "கிற்றார் கூர்மையா இருக்கு தம்பி" என்றால் வாதாடாதீர்கள். நீங்கள் மேடை மொனிற்றருக்குப் (மேடையில் இருப்பவர்களுக்கான ஸ்பீக்கர்) பக்கவாட்டில் நிற்கிறீர்கள், அவர் சனம் இருக்கும் இடத்தில் நின்று கேட்கிறார். இதற்கு மட்டும் நீளக் கேபிளைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை நீங்களும் கீழே இறங்கிப் போய்க் கேளுங்கள்.

பத்து நிமிடம் கிடைத்தால் இந்த ஒழுங்கு: முதலில் லீட் பிரிசெற், ஏனென்றால் அதுதான் உங்கள் உச்சச் சத்தம், மிக்சரின் சிவப்பு விளக்கு அதற்கு எரியக் கூடாது. அடுத்து கிளீன், அது ட்ரம்மோடு சேர்த்துக் கேட்குமா என்று. மற்ற இரண்டும் தானாகச் சரியாக இருக்கும், நேரத்தை வீணாக்க வேண்டாம். மாற்ற வேண்டியது குளோபல் ஈ.கியூ., மாஸ்ரர் வொலியூம் இரண்டு மட்டும். இரண்டு நிமிடம்தான் கிடைத்தாலும் லீட்டை மட்டும் பாருங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: உதிரிக் கேபிள் ஒன்று, நாலு புதுப் பற்றரி அல்லது நிறைந்த பவர் பாங்க், வட்ட முள் மாற்றி, டி.ஐ. பொக்ஸ், கொப்பி, ஒட்டுகிற கறுப்பு ரேப், ஒரு செற் கம்பி. பெடல் நடுவில் இறந்துவிட்டால் டி.ஐ. பொக்ஸில் கிற்றாரை நேரே செருகி, கிற்றாரின் டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்து, கிளீனாகவே மிச்சப் பாட்டுகளை முடிக்கலாம். ட்ரைவ் இல்லை என்பதைக் கீபோர்ட்காரரிடம் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள், லீட் இடத்தை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.